‘சப்ஜெக்ட் டு’ என்று கடிதத்தில் இருந்தால் என்ன அர்த்தம்? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், வீடு வாங்கும் படிவம், உணவகத்தின் மெனு அட்டை என்று சிங்கப்பூரில் எதைக் கையில் எடுத்தாலும் எங்காவது ஓரிடத்தில் ‘சப்ஜெக்ட் டு’ என்ற தொடர் இருக்கும். சம்பளம் எவ்வளவு, வேலை எப்போது தொடங்குகிறது, வாடகை எவ்வளவு என்று தேடும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் அந்தச் சம்பளமும் தேதியும் உறுதியா இல்லையா என்பதைச் சொல்வதே அந்தத் தொடர்தான். அதையும் அதன் உறவுக்காரத் தொடர்களான ‘ப்ரொவைடட் தட்’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ ஆகியவற்றையும் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. இது பொது விளக்கம். பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் உங்கள் ஆவணத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

‘சப்ஜெக்ட் டு’ என்றால் எளிமையாக என்ன?

“நான் சொன்னது நடக்கும், ஆனால் இன்னொன்று நடந்தால்தான்” என்று அர்த்தம். ‘சப்ஜெக்ட் டு அப்ரூவல்’ என்றால் ஒப்புதல் கிடைத்தால்தான். ‘சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி’ என்றால் கையிருப்பு இருந்தால்தான். அந்த இன்னொன்று நடக்கும்வரை வாக்குறுதி பாதியில் நிற்கிறது.

அரசாங்கத் தமிழில் இதை ‘உட்பட்டு’ என்று எழுதுவார்கள்: “வீவகவின் ஒப்புதலுக்கு உட்பட்டு” (வீவக என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்). இதை வேகமாகப் படிக்கும்போது ‘உட்பட’ என்று கண்ணில் பட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும். “ஒப்புதல் உட்பட” என்றால் ஒப்புதலும் சேர்ந்தே கிடைக்கிறது. “ஒப்புதலுக்கு உட்பட்டு” என்றால் ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துப் படிப்பவர்கள் இந்தச் சின்ன எழுத்து வித்தியாசத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

வேலை கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்திருக்கிறது. அதில் ‘சப்ஜெக்ட் டு அப்ரூவல் ஆஃப் வொர்க் பாஸ்’ என்று இருக்கிறது. பழைய வேலையை விட்டுவிடலாமா?

வேண்டாம், பொறுங்கள். முதலாளி உங்களை எடுக்க விரும்புகிறார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அனுமதி தருவது அவர் கையில் இல்லை, மனிதவள அமைச்சின் கையில் இருக்கிறது. அமைச்சு மறுத்தால் புதிய முதலாளி வாக்குத் தவறியதாக ஆகாது. கடிதத்திலேயே அதைச் சொல்லிவிட்டார்.

இந்த மாதிரிக் கடிதம் எதுவாக இருந்தாலும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். நிபந்தனை நிறைவேறியதா என்று முடிவு செய்பவர் யார்? எந்தத் தேதிக்குள்? நிறைவேறாவிட்டால் யாருக்கு நஷ்டம்? மூன்றுக்கும் கடிதத்தில் பதில் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் பதிலும் வாய்வார்த்தையாகவே வரும். நாளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நம் ஆட்கள் நிறையப் பேர் தயங்குகிறார்கள். மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி, தயங்கவே தேவையில்லை.

ஐபிஏ கடிதம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா?

பெரும்பகுதி முடிந்துவிட்டது, முழுவதும் முடியவில்லை. ஐபிஏ என்பது கொள்கையளவிலான ஒப்புதல். அதை வைத்துச் சிங்கப்பூருக்குள் வரலாம். வந்த பிறகு மருத்துவப் பரிசோதனை போன்றவை பாக்கி இருக்கும். வொர்க் பெர்மிட் ஊழியர் என்றால் வந்த 2 வாரத்துக்குள் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதில் தேறி, அனுமதி வழங்கப்பட்ட பிறகுதான் நிபந்தனை தீர்ந்தது.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஐபிஏ நகலை உங்களுக்கு அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. அதில் உள்ள சம்பள விவரத்தை வரி விடாமல் படியுங்கள். ஏஜெண்ட் சொன்ன தொகையும் அதில் உள்ள தொகையும் வேறாக இருந்தால் விமானம் ஏறும் முன் கேட்பதுதான் நல்லது. இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டு, கடன் வாங்கிய பணத்தோடு வந்து சிக்கிக்கொள்ளும் தம்பிமாரை நினைத்தால் மனசு தாங்காது.

“போனஸ் சப்ஜெக்ட் டு கம்பெனி பெர்ஃபார்மன்ஸ்” என்றால் போனஸ் உண்டா, இல்லையா?

நிறுவனம் நன்றாக நடந்தால் உண்டு. நன்றாக நடந்ததா என்று சொல்வது பெரும்பாலும் நிறுவனமேதான். ஆகவே வீட்டுச் செலவுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். 13ஆம் மாதச் சம்பளம் என்று நாம் சொல்லும் ஏடபிள்யூஎஸ்ஸும் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உரிமை. “உண்டு” என்று மட்டும் எழுதியிருப்பதற்கும், கூடவே ‘சப்ஜெக்ட் டு’ ஒட்டியிருப்பதற்கும் வித்தியாசம் மிகப் பெரியது.

நிபந்தனை என்று எதை வேண்டுமானாலும் எழுதிவிட முடியுமா?

முடியாது. வேலைவாய்ப்புச் சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையைவிடக் கீழான நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதினால் அது செல்லாது. அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உதாரணமாக, சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். “வாடிக்கையாளர் எங்களுக்குப் பணம் தந்தால்தான் உங்களுக்குச் சம்பளம்” என்று ‘சப்ஜெக்ட் டு’ போட்டு எழுதினாலும் அந்த 7 நாள் கெடு மாறாது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் மாறாது.

2019 ஏப்ரல் 1 முதல் மேலாளர்கள், நிர்வாகிகள் உட்படப் பெரும்பாலான ஊழியர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துகிறது. வீட்டுப் பணிப்பெண்கள், கடலோடிகள், அரசாங்க ஊழியர்கள் ஆகியோர் இதற்குள் வருவதில்லை. சட்டம் பொருந்தும் ஊழியருக்கு, 14 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் வேலையென்றால், முக்கிய வேலை விதிமுறைகளை வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். 2016 ஏப்ரல் முதல் இருக்கும் ஏற்பாடு இது. அந்தத் தாள் கையில் இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு வீடு பார்த்து எல்ஓஐ (வாடகைக்கு எடுக்க விரும்புவதாகச் சொல்லும் கடிதம்) கொடுத்தாயிற்று. அதில் ‘சப்ஜெக்ட் டு கான்ட்ராக்ட்’ என்று இருக்கிறது. வீடு எனக்குத்தானே?

இன்னும் இல்லை. இந்த மூன்று சொல்லுக்கு நீண்ட சட்ட வரலாறு உண்டு. 1877இல் இங்கிலாந்தில் வின் எதிர் புல் என்ற வழக்கு நடந்தது. ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுக்க இருவர் எழுத்தில் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் முறையான ஒப்பந்தம் தயாராகி ஏற்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த ஒப்பந்தம் தயாராகவேயில்லை. இருவரையும் எதுவும் கட்டுப்படுத்தவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் வழியில் வந்த சிங்கப்பூரிலும் பொதுவான நிலை அதுவே: முறையான ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடும்வரை பேச்சுவார்த்தைதான் நடக்கிறது. உங்களுக்கும் விலகும் சுதந்திரம் உண்டு, வீட்டுக்காரருக்கும் உண்டு.

சிக்கல் பணத்தில் வருகிறது. எல்ஓஐயோடு வழக்கமாக ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கொடுப்போம். ‘சப்ஜெக்ட் டு கான்ட்ராக்ட்’ என்று ஒரு வரி இருக்கும், அதே தாளின் கீழே “வாடகைதாரர் பின்வாங்கினால் முன்பணம் திரும்பக் கிடைக்காது” என்று இன்னொரு வரி இருக்கும். எந்த வரி செல்லும் என்று பின்னால் சண்டை போடுவதைவிட, ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று கொடுக்கும் முன்பே எழுதி வாங்குவது புத்திசாலித்தனம். வீட்டு முகவர் “அதெல்லாம் ஸ்டாண்டர்ட்” என்பார். ஸ்டாண்டர்டாகவே இருக்கட்டும், எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீவக வீடு என்றால் இன்னொரு நிபந்தனையும் இருக்கும்: வாடகைக்கு விட வீட்டுக்காரர் வீவகவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். வாடகைக் காலம் குறைந்தது 6 மாதம். தனியார் வீட்டுக்கு 3 மாதம். ஒப்புதல் வந்ததைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு மூட்டை முடிச்சோடு போங்கள்.

டிப்ளமாட்டிக் கிளாஸில் வரும் ‘ப்ரொவைடட் தட்’ எதற்கு?

வெளிநாட்டவருக்கு வேலை போய்விட்டாலோ வேறு நாட்டுக்கு மாற்றல் வந்தாலோ ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வீட்டைக் காலி செய்ய வழி தருவது அந்த ஷரத்து. 2 ஆண்டு ஒப்பந்தத்தில் வழக்கமாக 12 மாதம் கழித்து, 2 மாத அறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்று இருக்கும். ‘ப்ரொவைடட் தட்’டுக்குப் பின்னால் வருவது நீங்கள் நிறைவேற்ற வேண்டிய வேலை. வேலை போனதற்கு எழுத்துச் சான்று காட்டினால், அறிவிப்பை எழுத்தில் கொடுத்தால், இப்படி. அதில் ஒன்றைத் தவறவிட்டால் உரிமையே கையைவிட்டுப் போகலாம். சலுகையை மட்டும் படித்துவிட்டு நிபந்தனையைத் தவறவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடப்பது.

வீவக மறுவிற்பனை வீடு வாங்கும்போது எந்த இடத்தில் கவனம் வேண்டும்?

ஓடிபியில், அதாவது ‘ஆப்ஷன் டு பர்ச்சேஸ்’ படிவத்தில். வீட்டை உங்களுக்கு விற்பதாக வீட்டுக்காரர் தரும் உரிமைப் படிவம் அது. வீவக வகுத்த படிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆப்ஷன் தொகை 1 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளிவரை. 21 நாள் அவகாசம், கடைசி நாள் மாலை 4 மணியோடு முடிகிறது. வாங்குவது உறுதி என்று அதைச் செயல்படுத்தும்போது தரும் தொகையும் சேர்த்து மொத்தம் 5,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. 21 நாளுக்குள் செயல்படுத்தாவிட்டால் ஆப்ஷன் தொகை விற்பவருக்குப் போய்விடும்.

அந்த 21 நாளுக்குள் கடன் விஷயம் தீர்ந்திருக்க வேண்டும். 2023 மே 9 முதல் எச்எஃப்இ கடிதம் (வீவக வீடு வாங்கும் தகுதியைச் சொல்லும் வீவக கடிதம்) இல்லாமல் ஓடிபி வாங்க முடியாது. வங்கிக் கடன் எடுப்பவர் ஓடிபியைச் செயல்படுத்தும் முன் வங்கியின் லெட்டர் ஆஃப் ஆஃபரை, அதாவது கடன் தருவதாகச் சொல்லும் கடிதத்தை, கையில் வைத்திருக்க வேண்டும். வங்கி முதலில் சொல்லும் ‘அப்ரூவல் இன் பிரின்சிபிள்’ தோராயமான சம்மதம், அதிலும் ‘சப்ஜெக்ட் டு வேல்யுவேஷன்’ ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டின் மதிப்பீடு விலையைவிடக் குறைவாக வந்தால் கடனும் குறையும், மிச்சத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டும். குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் போகும் இடம் இது. அந்தச் சின்ன ‘சப்ஜெக்ட் டு’வை இங்கே கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

‘ப்ரொவைடட் தட்’டும் ‘இஃப்’பும் ஒன்றுதானா?

பல வாக்கியங்களில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் மாற்றிப் போட முடியாத இடங்கள் உண்டு. ‘ப்ரொவைடட் தட்’ ஓர் அனுமதியோடோ வாக்குறுதியோடோதான் சேரும்: “அறிக்கையை முடித்தால் சீக்கிரம் போகலாம்.” “மழை பெய்தால் ஆட்டம் ரத்து” என்பதற்கு ‘இஃப்’தான் பொருந்தும். மழையை யாரும் நிபந்தனையாக விதிக்கவில்லையே! ‘இஃப்’ தமிழின் ‘-ஆல்’ மாதிரிப் பொதுவானது. ‘ப்ரொவைடட் தட்’ அதைவிட இறுக்கமானது, “என்ற நிபந்தனையின் பேரில்” என்பதற்கு அருகில் வரும்.

சட்டப் புத்தகத்துக்குள் போனால் இதன் குணமே மாறுகிறது. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவைப் பாருங்கள். மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய 4 மொழிகள் அதிகாரத்துவ மொழிகள் என்று சொல்லும் பிரிவு அதுதான். அடுத்து, மலாய் தேசிய மொழி, அது ரோமன் எழுத்தில் இருக்கும் என்கிறது. உடனே ஒரு ‘ப்ரொவைடட் தட்’ வருகிறது. வேறு எந்த மொழியையும் பயன்படுத்துவதையோ கற்பதையோ கற்பிப்பதையோ யாரும் தடுக்கக் கூடாது என்றும், மற்றச் சமூகங்களின் மொழிகளைப் பேணும் அரசாங்கத்தின் உரிமையை இந்தப் பிரிவு பாதிக்காது என்றும் தொடர்கிறது.

இங்கே ‘ப்ரொவைடட் தட்’டை ‘-ஆல்’ என்று படித்தால் வாக்கியம் குழம்பிவிடும். “தடுக்காவிட்டால்தான் மலாய் தேசிய மொழி” என்று யாரும் சொல்லவில்லை. இங்கே அதன் பொருள் “ஆனால், அதே சமயம்” என்பது. முன்னால் சொன்னது எதுவரை போகலாம் என்று வேலி போடுகிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிப்பதற்கும் துணை நிற்கும் வரிகள் ஒரு ‘ப்ரொவைடட் தட்’டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்றால்?

‘சப்ஜெக்ட் டு’வுக்கு நேர் எதிர். “சப்ஜெக்ட் டு கிளாஸ் 5” என்றால் இந்த வரியும் 5ஆம் ஷரத்தும் மோதினால் 5ஆம் ஷரத்து ஜெயிக்கும். “நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ் 5” என்றால் 5ஆம் ஷரத்து என்ன சொன்னாலும் இந்த வரிதான் ஜெயிக்கும். ஒப்பந்தத்தில் இவற்றைப் பார்த்தால் உடனே அந்த இன்னொரு ஷரத்துக்குப் புரட்டிப் போங்கள். அதைப் படிக்காமல் இதைப் படித்துப் பயனில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு நல்ல உதாரணம். பேச்சுரிமை, அமைதியாகக் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை மூன்றையும் தருகிறது. ஆனால் பிரிவு தொடங்குவதே “2, 3ஆம் உட்பிரிவுகளுக்கு உட்பட்டு” என்றுதான். கட்டுப்பாடுகள் அங்கே இருக்கின்றன. முதல் உட்பிரிவை மட்டும் மேற்கோள் காட்டுபவர் பாதிதான் சொல்கிறார்.

சிங்கப்பூர்ச் சட்டங்களின் 2020 திருத்தப் பதிப்பு 2021 டிசம்பர் 31இல் நடப்புக்கு வந்தபோது பல இடங்களில் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ போய் ‘டெஸ்பைட்’ வந்தது. படிப்பவருக்கு இது நல்ல மாற்றம். தனியார் ஒப்பந்தங்களில் பழைய சொல் இன்னும் தாராளமாக இருக்கிறது.

மெனுவில் ‘சப்ஜெக்ட் டு சர்வீஸ் சார்ஜ் அண்ட் ஜிஎஸ்டி’ என்று இருக்கிறதே, அதுவும் நிபந்தனையா?

இல்லை. இங்கே ‘கட்ட வேண்டியிருக்கும்’ என்று பொருள். நாம் ‘ப்ளஸ் ப்ளஸ்’ என்று சொல்வதும் இதைத்தான். சர்வீஸ் சார்ஜ் வழக்கமாக 10%, அது உணவகத்துக்குப் போகிறது. பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9%, அது சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகைமேல் கணக்கிடப்படுகிறது. 100 வெள்ளிச் சாப்பாடு 110 ஆகி, பிறகு 119.90 ஆகும். ‘சப்ஜெக்ட் டு ஃபைன்’ என்றால் அபராதம் விதிக்கப்படலாம். ‘சப்ஜெக்ட் டு சேஞ்ச்’ என்றால் மாறலாம், முன்னறிவிப்பு இல்லாமலும் மாறலாம்.

ஆங்கிலத்தில் நானே எழுதும்போது என்ன கவனிக்க வேண்டும்?

‘சப்ஜெக்ட் டு’வுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும்: ‘சப்ஜெக்ட் டு யுவர் அப்ரூவல்’. ‘சப்ஜெக்ட் டு யூ அப்ரூவ்’ என்று எழுதக் கூடாது. எழுவாய், வினையோடு முழு வாக்கியம் எழுத வேண்டுமென்றால் ‘ப்ரொவைடட் தட்’ போடுங்கள்: ‘ப்ரொவைடட் தட் யூ அப்ரூவ்’. அதற்குப் பின் ‘வில்’ வராது, எதிர்காலத்தைச் சொன்னாலும் நிகழ்கால வினைதான். ‘ப்ரொவைடிங்’ என்பதும் சரியே, கொஞ்சம் பேச்சுச் சாயல் இருக்கும். ‘சப்ஜெக்டட் டு’ வேறு விஷயம்: ஒரு கொடுமைக்கோ சோதனைக்கோ ஆளாக்கப்பட்டதைச் சொல்வது. ‘சப்ஜெக்ட் டு’வை உச்சரிக்கும்போது ‘சப்’ என்ற முதல் அசையில் அழுத்தம் கொடுங்கள்.

நிபந்தனை விதிப்பவர் நீங்கள் என்றால் மொட்டையாக எழுதாதீர்கள். “என் தற்போதைய நிறுவனம் விடுவித்தால் சேர்கிறேன்” என்பதோடு, எந்தத் தேதிக்குள் உறுதி சொல்வீர்கள் என்பதையும் சேருங்கள். எதிரில் இருப்பவரும் திட்டம் போட வேண்டுமே.

படித்தும் புரியவில்லை, அல்லது ஏற்கெனவே தகராறு வந்துவிட்டது. எங்கே போவது?

கையெழுத்துப் போடும் முன் என்றால் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போகலாம். ப்ரோ போனோ எஸ்ஜி போன்ற அமைப்புகளும் சில சமூக மன்றங்களும் அதை நடத்துகின்றன. ஆவணத்தின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள், ‘சப்ஜெக்ட் டு’ சுட்டும் இணைப்புகளையும் சேர்த்து.

2 ஆண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தத் தகராறு சிறு வழக்குகள் நடுவர் மன்றத்துக்குப் போகும். வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. சம்பளத் தகராறு முதலில் டிஏடிஎம்மில் (வேலைத் தகராறுகளைத் தீர்க்க உதவும் முத்தரப்பு அமைப்பு) சமரசத்துக்குப் போகும், தீராவிட்டால் வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு. வேலையில் இருந்துகொண்டே கோரினால் பிரச்சினை எழுந்து 1 ஆண்டுக்குள், வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கோரிக்கையைப் பதிவு செய்துவிட வேண்டும்.